மேயரின் பெயரில் வந்த பில்: 1855 போர்ட்லாந்து ரம் கலவரம்

1855 ஜூன் 2, சனிக்கிழமை. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மெயின் மாநிலத்தில் போர்ட்லாந்து என்று ஒரு துறைமுக நகரம். அன்று இரவு அங்கே நகர மன்றக் கட்டடத்தை ஒரு பெருங்கூட்டம் சூழ்ந்துகொண்டு கல்லெறிந்தது. உள்ளே சுமார் 1,600 டாலர் மதிப்புள்ள மது இருந்தது. அதை வாங்கி வைத்தவர் நகர மேயர் நீல் டவ். அந்த மாநிலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவரும் அவரே. பொழுது விடிவதற்குள் துப்பாக்கிச் சூட்டில் 22 வயது மாலுமி ஒருவர் இறந்துகிடந்தார், ஏழு பேர் காயம்பட்டிருந்தார்கள். மதுவிலக்குச் சட்டத்தில் ஆளுநர் கையெழுத்திட்டு அன்றோடு சரியாக நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

டவ் ஒரு போலி என்று இந்தச் சம்பவத்தை முடித்துவிடுவது எளிது. அன்றைய எதிர்ப்பாளர்கள் அப்படித்தான் முடித்தார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவர் குடித்தவரும் இல்லை, அந்த மதுவில் காசு பார்த்தவரும் இல்லை. தப்பு வேறு இடத்தில் நடந்தது. சட்டத்தை எழுதியபோது அதிகாரிகளின் கைக்குக் கொஞ்சமும் இடம் விடாமல் எழுதினார். அதை நடத்தியபோது தனக்கு மட்டும் அந்த இடம் உண்டு என்று நடந்துகொண்டார்.

டவ் யார், ஊர் எப்படி இருந்தது

நீல் டவ் 1804 மார்ச் 20 அன்று போர்ட்லாந்தில் பிறந்தார். பெற்றோர் குவேக்கர்கள், அதாவது போரையும் ஆயுதத்தையும் ஏற்காத கிறிஸ்தவப் பிரிவினர். அப்பாவுக்குத் தோல் பதனிடும் தொழில். மகனும் கல்லூரிக்குப் போகாமல் அதே தொழிலில் இறங்கி நன்றாகச் சம்பாதித்தார்.

அந்தக் காலத்துப் போர்ட்லாந்து ரம்மில் மிதந்த ஊர். இங்கிருந்து மரம் ஏற்றிக்கொண்டு மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போகும் கப்பல்கள், திரும்பும்போது ரம்மும் சர்க்கரைப்பாகும் கொண்டுவரும். பாகைக் காய்ச்சி ரம் ஆக்கும் ஆலைகள் ஊரிலேயே இருந்தன. காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் ஊர் மணி அடிக்கும். தொழிலாளர்கள் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு ரம் குடிக்கும் நேரம் அது. நாம் டீ குடிக்க எழுந்து போவதைப் போல அன்று அது யாருக்கும் உறுத்தாத வழக்கம். கூலியோடு சேர்த்து ரம் கொடுப்பதும் இருந்தது. நாடு முழுவதும் நிலைமை ஏறக்குறைய இதுதான். 1830 வாக்கில் 15 வயதைத் தாண்டிய ஒருவர் சராசரியாக ஆண்டுக்கு 7 காலன், அதாவது 26 லிட்டர் தூய ஆல்கஹாலுக்குச் சமமான மதுவைக் குடித்ததாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். இன்றைய அமெரிக்கர் குடிப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான்.

இந்தக் குடியின் முழுச் சுமையும் வீட்டுப் பெண்கள் தலையில் விழுந்தது. கல்யாணமான பெண்ணுக்குத் தனிச் சொத்து கிடையாது. அவள் உழைத்துச் சம்பாதித்தாலும் அது சட்டப்படி கணவனுடையது. ஓட்டுரிமை இல்லை, விவாகரத்து மிகவும் கடினம். வாரக்கூலி மதுக்கடையில் கரைந்தால் அவள் போய் முறையிட ஒரு இடமும் இல்லை. டவ் ஒரு சம்பவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார். குடிக்கு அடிமையான ஒருவரின் மனைவி அவரிடம் வந்து அழுதார். டவ் கடைக்காரரிடம் போய், அந்த ஆளுக்கு இனி ஊற்றாதீர்கள் என்று கேட்டார். கடைக்காரர் சுவரில் மாட்டியிருந்த உரிமத்தைக் காட்டி, விற்பது என் உரிமை என்று சொல்லிவிட்டார். டவ் கெஞ்சிப் பார்ப்பதை விட்டு அந்த உரிமத்தையே இல்லாமல் ஆக்கப் புறப்பட்டதற்கு இதுதான் காரணம் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

28 காலன் சட்டத்திலிருந்து மெயின் சட்டம் வரை

மது எதிர்ப்பு இயக்கம் தொடக்கத்தில் அறிவுரையோடு நின்றது. ரம், விஸ்கி போன்ற கடுஞ்சாராயத்தை விடுங்கள், ஒயினும் பீரும் அளவோடு இருக்கட்டும் என்றார்கள். 1830களில் இயக்கம் முழு விலக்கை நோக்கி நகர்ந்தது. ஒயினையும் தள்ள வேண்டுமா என்ற சண்டையில் மெயின் மாநிலச் சங்கமே 1837இல் உடைந்தது. டவ் கடுமையான பக்கம் போய் நின்றார்.

சட்டத்தின் மூலம் தடுக்கும் முயற்சிகளும் தொடங்கின. பக்கத்து மாசசூசெட்ஸ் 1838இல், 15 காலனுக்குக் குறைவாகக் கடுஞ்சாராயம் விற்கக் கூடாது என்றது. பெரிய பீப்பாயாக வாங்க ஏழைகளிடம் காசு இருக்காது என்பது யோசனை. டெட்ஹாம் என்ற ஊரில் ஒருவர் கூடாரம் போட்டு, வரிபோட்ட பன்றி பார்க்கலாம் வாருங்கள் என்று டிக்கெட் விற்றார். பன்றிக்கு வரி பெயின்ட்டால் தீட்டியது. டிக்கெட் வாங்கி உள்ளே போனவருக்கு ஒரு கோப்பை ரம் இலவசம். கூட்டம் பன்றியை மறுபடி மறுபடி பார்க்கப் போனது. 1840இல் அந்தச் சட்டம் போய்விட்டது.

மெயின் 1846இல் கொண்டுவந்த சட்டமும் இதே வகை. மருந்துக்கும் தொழிலுக்கும் தவிர, 28 காலனுக்குக் குறைவாக விற்பது குற்றம். 28 காலன் என்றால் 106 லிட்டர். வசதியுள்ளவர் பீப்பாயோடு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாம். கூலிக்காரர் ஒரு கோப்பை கேட்டால் சட்டவிரோதம். அதற்கும் மேல், அமல்படுத்த ஆளில்லை. டவ்வுக்கு இது போதவில்லை. 1849இல் கடுமையான மசோதா ஒன்று சட்டமன்றத்தில் நிறைவேறியும் அப்போதைய ஆளுநர் ஜான் டானா அதைத் தடுத்துவிட்டார். இதற்கிடையில், 1847இல், உரிமம் கொடுப்பதும் மறுப்பதும் மாநிலங்களின் அதிகாரம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அதனால் சட்டரீதியான வழி திறந்தே இருந்தது.

1851 வசந்தத்தில் டவ் போர்ட்லாந்து மேயர் ஆனார். பதவியேற்ற கையோடு, தானே எழுதிய மசோதாவை எடுத்துக்கொண்டு தலைநகர் அகஸ்டாவுக்குப் போனார். சட்டமன்றத்தின் கீழவை 86க்கு 40, மேலவையான செனட் 18க்கு 10 என்று நிறைவேற்றின. ஜூன் 2 அன்று ஆளுநர் ஜான் ஹப்பர்ட் கையெழுத்திட்டார். உலகம் முழுவதும் ‘மெயின் சட்டம்’ என்று பெயர் வாங்கியது இதுதான். நான்கே ஆண்டுகளில் பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்களும் பிரதேசங்களும் இதைப் பின்பற்றிச் சட்டம் போட்டன. இங்கிலாந்தில் மான்செஸ்டரில் 1853இல் தொடங்கிய ஐக்கிய அரசு மதுவிலக்குக் கூட்டமைப்புக்கும் தூண்டுதல் இதுவே.

சட்டத்தின் இயந்திரம்

கலவரத்தைப் புரிந்துகொள்ள இந்தச் சட்டத்தின் உள்வேலையைப் பார்த்தே ஆக வேண்டும். விற்றால் முதல் முறை 10 டாலர் அபராதம், இரண்டாம் முறை 20, மூன்றாம் முறை அபராதத்தோடு சிறை. இதெல்லாம் பழைய சட்டங்களிலும் ஓரளவு இருந்ததுதான். புதியவை இரண்டு.

முதலாவது, சோதனையும் பறிமுதலும். வாக்குரிமை உள்ள மூன்று பேர் சேர்ந்து, இன்ன இடத்தில் விற்பனைக்கு மது இருக்கிறது என்று சத்தியம் செய்து புகார் கொடுத்தால் போதும். நீதிபதி வாரண்ட் கொடுத்தே தீர வேண்டும். யோசிக்கலாமா, ஒத்திப்போடலாமா என்பதற்கெல்லாம் இடமில்லை. காவலர்கள் போய் மதுவைப் பிடிக்க வேண்டும். அது சட்டப்படி வந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு உடைமைக்காரருடையது. நிரூபிக்க முடியாவிட்டால் பிடித்ததைக் கீழே கொட்டிவிட வேண்டும். டவ் வேண்டுமென்றேதான் இப்படி வைத்தார். மதுக்கடைக்காரர்களுக்கு வேண்டப்பட்ட காவலரோ நீதிபதியோ புகாரைக் கிடப்பில் போட முடியாது என்பது அவர் கணக்கு. அனுபவம் உள்ளவர் எழுதிய சட்டம் என்பது இந்த ஒரு பிரிவிலேயே தெரிகிறது.

இரண்டாவது, ஊர் முகவர். மருந்துக்கும் தொழில் தேவைக்கும் ஆல்கஹால் வேண்டுமே? அதை விற்க ஒவ்வொரு ஊரும் ஒருவரை நியமிக்கும். அவர் மட்டுமே வாங்கலாம், அவர் மட்டுமே விற்கலாம். தனியார் கடைகள் மூடப்பட்ட ஊரில், மது இருக்கும் ஒரே சட்டபூர்வமான இடம் நகராட்சியின் கிடங்கு. பார்க்கிறவர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்பதை அன்று யாரும் பெரிதாக யோசித்ததாகத் தெரியவில்லை.

முதல் ஆண்டில் டவ் இந்தச் சட்டத்தை விரட்டி விரட்டி அமல்படுத்தினார். ஊர்க் கடைகள் பலவும் மூடின. அதற்குப் பலன் மறு தேர்தலில் தெரிந்தது. 1852இல் முன்னாள் ஆளுநர் ஆல்பியன் பாரிஸிடம் தோற்றார். பிறகு நாடெங்கும் போய்ப் பேசினார், பெயர் பெருகியது. 1855 வசந்தத்தில் வெறும் 47 ஓட்டு வித்தியாசத்தில் மறுபடி மேயர் ஆனார். அதே ஆண்டு மாநிலச் சட்டமும் இன்னும் இறுக்கப்பட்டிருந்தது.

அந்த 47 ஓட்டை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஊரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஐரிஷ் கத்தோலிக்கக் குடியேறிகள் அவர்களில் முன்வரிசை. மதுவிலக்கு இயக்கத்தோடு, குடியேறிகளை வெறுத்த ‘நோ நத்திங்’ கட்சிக்காரர்களும் கைகோத்திருந்தார்கள். சட்டம் எங்கள் மீது குறிவைத்து வந்தது என்று அந்த மக்கள் நம்பியதற்குக் காரணம் இருந்தது. இப்படிப் பிளந்துகிடந்த ஊரில், எதிராளிக்குப் பிடி கொடுக்காமல் ஒவ்வொரு அடியையும் எண்ணி வைத்திருக்க வேண்டும். டவ் வைக்கவில்லை.

சறுக்கிய இடம்

1855 மே மாதம் நகரக் கிடங்குக்கென்று சுமார் 1,600 டாலருக்கு மது வந்திறங்கியது. மருந்துக்கும் தொழிலுக்குமான மது. வாங்குவதற்கு ஒரு முறை இருந்தது. நகர மன்றம் குழு அமைக்க வேண்டும், முகவரை நியமிக்க வேண்டும், முகவர் நகரத்தின் சார்பில் வாங்க வேண்டும். டவ் இந்த வரிசையை முழுதாக முடிக்காமலே ஆர்டர் கொடுத்துவிட்டார். பில் அவருடைய பெயரில் வந்தது.

மன்ற உறுப்பினர் சிலர் எங்களைக் கேட்கவே இல்லையே என்றார்கள். விஷயம் பத்திரிகைக்குப் போனது. மேயர் வீட்டுச் சரக்கு நகர மன்றத்தில் இருக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. டவ்வின் சொந்த உறவினரான எழுத்தாளர் ஜான் நீல்கூட அவரை எதிர்த்தவர்களில் ஒருவர். இதில் எழுந்த சட்டக் கேள்வி விளையாட்டானதல்ல. முறையாக நியமிக்கப்பட்ட முகவர் வாங்காத மது, சட்டப்படி ஒரு தனி ஆள் வைத்திருக்கும் மதுவே. விற்பதற்காக அதை வைத்திருந்தால் குற்றம்.

ஜூன் 2 அன்று மூன்று வாக்காளர்கள் நீதிபதி முன் போய்ச் சத்தியம் செய்தார்கள். நீதிபதிக்கு வேறு வழியில்லை, வாரண்ட் கொடுத்தார். யாரையும் தப்பவிடக் கூடாது என்று டவ் வைத்த அதே பிரிவு.

அந்த மூவருக்கும் மதுவிலக்கின் மீது மரியாதை இருந்திருக்காது என்பது வெளிப்படை. டவ்வை அவமானப்படுத்துவதுதான் நோக்கம். ஆனால் அவர்கள் காட்டிய ஓட்டை உண்மையான ஓட்டை. வேறொருவர் பெயரில் அப்படி ஒரு பில் வந்திருந்தால் டவ் என்ன செய்திருப்பார் என்பதில் சந்தேகமே இல்லை. பீப்பாய்கள் அன்றே தெருவில் உடைந்திருக்கும்.

அந்த இரவு

வாரண்ட் வந்துவிட்டது, இனி கொட்டுவார்கள் என்று பார்க்க மாலையில் ஆட்கள் கூடினார்கள். முதலில் சுமார் இருநூறு பேர். எதுவும் நடக்கவில்லை. பீப்பாய்கள் உள்ளேயே இருந்தன. சனிக்கிழமை மாலை, வேலை முடிந்து ஆட்கள் வரவரக் கூட்டம் வளர்ந்தது. இருட்டிய பிறகு ஆயிரத்துக்கும் மூவாயிரத்துக்கும் இடையில் இருக்கும் என்று கணக்குகள் சொல்கின்றன. மொத்தம் இருபதாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்ந்த ஊர் அது. கத்தல் தொடங்கியது, அப்புறம் கல், அப்புறம் கதவை உடைக்கும் முயற்சி.

டவ் மிலிஷியாவை, அதாவது உள்ளூர்த் தன்னார்வப் படையை வரவழைத்தார். கலைந்து போங்கள் என்று எச்சரித்தும் கூட்டம் அசையவில்லை. சுடச் சொன்னபோது முதலில் வந்த படைப்பிரிவு தயங்கியது. எதிரே நின்றவர்கள் அவர்களுடைய ஊர்க்காரர்கள், சிலர் தெரிந்த முகங்களாகவும் இருந்திருப்பார்கள். டவ் அதோடு நிறுத்தவில்லை. இன்னொரு பிரிவைக் கொண்டுவந்தார். அவர்கள் சுட்டார்கள். டியர் ஐல் என்ற ஊரைச் சேர்ந்த ஜான் ராபின்ஸ் என்ற இளம் மாலுமி இறந்தார்.

சுடும் உத்தரவைப் பற்றி இரண்டு பக்கமும் பேச இடமுண்டு. நகர மன்றத்தை உடைத்து உள்ளே நுழையும் கூட்டத்தை எந்த மேயரும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க முடியாது. உள்ளே மது வேறு. அது கூட்டத்தின் கைக்குப் போனால் இரவு இன்னும் மோசமாகியிருக்கும். ஆனால் உத்தரவிட்டவர் யார் என்பதுதான் என்னை உறுத்துகிறது. சர்ச்சைக்குரிய அந்தச் சரக்கின் பில் அவர் பெயரில், வாரண்ட் சொன்ன குற்றம் அவர் மீது, அதைக் காக்க நின்ற துப்பாக்கிகளுக்குக் கட்டளையும் அவரே. அந்த மூன்றில் ஒன்றிலிருந்தாவது அவர் விலகி நின்றிருக்கலாம். பிற்பகலிலேயே பீப்பாய்களை நீதிமன்றத்தின் பொறுப்பில் ஒப்படைத்திருந்தால் கூட்டம் கூடுவதற்கே முகாந்திரம் இருந்திருக்காது. நகரம் 1,600 டாலரை இழந்திருக்கும். ஒரு வாரம் ஊர் கைகொட்டிச் சிரித்திருக்கும், அவ்வளவுதான்.

விசாரணையும் வழக்கும்

பிண விசாரணைக் குழு, கூட்டம் சட்டவிரோதமானது, சூடு நியாயமானது என்று முடித்தது. அதற்கப்புறம் டவ் மீது மெயின் சட்டத்தின் கீழேயே வழக்கு நடந்தது. முறையில்லாமல் மது வாங்கி வைத்தார் என்பது குற்றச்சாட்டு. அரசுத் தரப்பில் வாதாடியவர் நாட்டின் முன்னாள் அட்டர்னி ஜெனரல் நாதன் கிளிஃபோர்ட். பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனவர். டவ்வுக்காக வந்தவர் செனட்டர் வில்லியம் பிட் ஃபெசண்டன், பின்னாளில் லிங்கன் அமைச்சரவையில் நிதியமைச்சர். ஒரு கிடங்கு மதுவுக்கு இவ்வளவு பெரிய தலைகள் மோதியதிலிருந்தே அது மதுவைத் தாண்டிய அரசியல் வழக்கு என்பது தெரிகிறது. டவ் விடுதலையானார்.

விடுதலை சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். அவருக்கு விற்று லாபம் பார்க்கும் எண்ணம் இல்லை. ஆனால் நீதிமன்றம் கேட்ட கேள்வி சரக்கைப் பற்றியது. ராபின்ஸைப் பற்றிய கேள்வி பிண விசாரணையோடு முடிந்துபோனது.

பின்விளைவுகள்

அந்த ஆண்டு போர்ட்லாந்து மட்டும் கொதிக்கவில்லை. ஏப்ரல் 21 அன்று சிகாகோவில் மேயர் லீவை பூன் மதுக்கடை உரிமக் கட்டணத்தை 50 டாலரிலிருந்து 300க்கு ஏற்றி, ஞாயிற்றுக்கிழமை மூடச் சொன்னதற்கு ஜெர்மானியக் குடியேறிகள் கிளர்ந்தெழுந்து அங்கேயும் ஒருவர் உயிர்போனது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்த வாக்காளர்களுக்கு மதுவிலக்கு என்றால் துப்பாக்கி என்று தோன்றியிருந்தால் குற்றம் சொல்ல முடியாது.

மெயினில் அந்தச் செப்டம்பர்த் தேர்தலில் டவ்வுக்கு ஆதரவான ஆளுநர் ஆன்சன் மோரில் பெரும்பான்மை பெறவில்லை. ஜனநாயகக் கட்சியின் சாமுவேல் வெல்ஸ் ஆளுநரானார். 1856இல் மெயின் சட்டம் ரத்து. அதே ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் அங்கிருந்த மதுவிலக்குச் சட்டத்தைச் செல்லாது என்றது. ஏற்கெனவே சட்டப்படி வாங்கி வைத்திருந்த சொத்தை அது அழிக்கிறது என்பது காரணம். புதிதாகப் பிறந்திருந்த குடியரசுக் கட்சி, அடிமை முறை எதிர்ப்பே போதும், மது விஷயம் ஓட்டைப் பிரிக்கும் என்று மெல்ல ஒதுங்கிக்கொண்டது. டவ்வும் அடிமை முறையை உறுதியாக எதிர்த்தவர். அந்தக் கட்சிக்காரர். ஆனால் அவர் பெயர் இப்போது கட்சிக்குச் சுமை.

உள்நாட்டுப் போரில் 57 வயதில் மெயின் 13ஆம் படைப்பிரிவின் கர்னலாகப் போனார், பிரிகேடியர் ஜெனரல் ஆனார். 1863இல் போர்ட் ஹட்சன் தாக்குதலில் இரண்டு இடங்களில் காயம்பட்டார். தேறிவரும்போது எதிரிகளிடம் சிக்கினார். 1864இல் எதிரணியான தென்மாநிலப் படையின் தளபதி ராபர்ட் லீயின் மகனை விடுவித்து அதற்கு ஈடாக அவரை மீட்டார்கள். குவேக்கர் வீட்டுப் பிள்ளை இந்த இடத்துக்கு வந்தது தனிக் கதை. இங்கே அதற்குள் போக வேண்டாம்.

நம் விஷயத்துக்கு வேண்டியது 1858. மதுவிலக்கை மறுபடி கொண்டுவர நினைத்த மெயின் சட்டமன்றம், இந்த முறை அதை மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டது. மக்கள் ஏற்றார்கள். 1851இல் அகஸ்டாவில் அவசரமாக ஓட்டெடுத்து நிறைவேறிய சட்டம் ஐந்தாண்டு நின்றது. வாக்காளர்களிடம் கேட்டுக்கொண்டு வந்த விலக்கு தலைமுறைகள் தாண்டி நின்றது. திருட்டு விற்பனை ஓயவில்லை, போர்ட்லாந்து போன்ற துறைமுகங்களில் ஓய்ந்திருக்கவும் முடியாது. ஆனாலும் அடிப்படைச் சட்டம் மாநிலத்தோடு ஒட்டிக்கொண்டது.

1880இல் மதுவிலக்குக் கட்சி டவ்வை அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளராக நிறுத்தியது. நாடு முழுவதும் 90 லட்சத்துக்கும் மேல் பதிவான ஓட்டுகளில் அவருக்குக் கிடைத்தவை பத்தாயிரத்துச் சொச்சம். நான்கு ஆண்டு கழித்து, 1884இல், மதுவிலக்கை மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதுவதா என்று மெயின் மக்களிடம் கேட்டார்கள். பெரும் வித்தியாசத்தில் ஆம் என்று சொன்னார்கள். டவ் அப்போது போர்ட்லாந்தில்தான் இருந்தார், வயது 80.